குடியை நிறுத்த ஓ.பி. சீட்டு வாங்கப் போறீங்களா? தெரிஞ்சுக்கிட்டுப் போங்க

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பாகப் பேசியது. வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறோம்.)



போன மாதம் குழுக்களின் உள்கடன் நோட்டைத் தணிக்கை பார்த்தபோது, மூன்று குழுக்களில் ‘மருத்துவச் செலவு’ என்று எழுதிக் கடன் கொடுத்திருந்தார்கள். யாருக்கு என்ன உடம்பு என்று விசாரித்தோம். மூன்றுமே வீட்டுக்காரரின் குடியை நிறுத்துவதற்காக வாங்கிய கடன். ஒரு அக்கா, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பவுடர் வாங்கியிருக்கிறார். இன்னொருவர் ‘ஒரே ஊசியில் குடி நிற்கும்’ என்ற நோட்டீசைப் பார்த்துப் போயிருக்கிறார். மூன்றாமவர், எங்கோ ஒரு இல்லத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். மூன்று வீட்டிலும் இன்று வரைக்கும் குடி நிற்கவில்லை. கடன்தான் நிற்கிறது.

அந்த அக்காமார்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. நாங்களும் தப்பு செய்தவர்கள்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவில், ஒரு தங்கச்சி அழுதுகொண்டே வந்தாள். புருஷன் காலையில் கண் முழித்ததும் கட்டிங், ராத்திரி படுக்கிறவரை கட்டிங். குழுவே திரண்டு அவள் வீட்டுக்குப் போனோம். சுற்றி உட்கார்ந்து பேசினோம். அவரும் மனசு இறங்கி, கோயில் வாசலில் கற்பூரம் அணைத்து, நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கினோம். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையோடு பஸ் ஏறினோம்.

அந்த மனுஷன் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரு சொட்டு தொடவில்லை. இரண்டாம் நாள் விடியக்காலையில் வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, அடுப்பங்கரைத் திண்ணையில் தலை மோதி விழுந்தார். 108-ல் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார். டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “இவ்வளவு குடிக்கிறவரை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது யாரு?” எங்களுக்குத் தலை நிமிரவில்லை. சமூகப்பணி படித்தவர்கள் நாங்கள். பட்டம் வாங்கியிருந்தோம், ஆனால் இந்த ஒரு விஷயம் தெரியாமல் இருந்தோம். அதனால்தான் இன்று இவ்வளவு விவரமாகப் பேசுகிறோம்.

ஏன் அப்படி ஆகுது? சாராயமோ பிராந்தியோ, எதுவானாலும் அது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிக்கிறவருடைய மூளை, அந்த மந்தத்தை எதிர்த்து எந்நேரமும் வேகமாக ஓடிப் பழகிவிடுகிறது. பாரவண்டி இழுத்துப் பழகிய மாட்டை நினைத்துப் பாருங்கள். மேட்டில் இழுக்கிறபோது பாரத்தைத் திடீரென்று அவிழ்த்துவிட்டால், மாடு முன்னால் பாய்ந்து விழும். அதுதான் இங்கே நடக்கிறது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் ஆரம்பிக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத பூச்சி, இல்லாத ஆள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆளையும் இடத்தையும் அடையாளம் தெரியாது. ‘பேய் பிடிச்சிடுச்சு’ என்று கோடாங்கியிடம் கூட்டிப்போகிறோமே, அந்த நேரம் உயிருக்கே ஆபத்தான நேரம்.

உடனே ஒரு அக்கா கேட்பீர்கள்: “எங்க வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொடமாட்டாரே, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?” உண்மைதான். எல்லாருக்கும் இப்படி ஆகாது. வாரக் கூலி வாங்குகிற அன்றைக்கு மட்டும் குடிக்கிறவர் வேறு. விடிந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர் வேறு. காலையில் டீ கிளாசைப் பிடிக்க முடியாமல் நடுங்குகிறதா, முன்னே எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். அப்படிப்பட்டவரை மாலை போட வைத்தோ, சத்தியம் வாங்கியோ, அறையில் பூட்டியோ நிறுத்தக் கூடாது. மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

மருந்து என்றதும் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் சேர்க்க வேண்டுமோ என்று பயப்படுகிறோம். சேர்த்தால் கூலி போச்சு, ஆடு மாடு பார்க்க ஆள் இல்லை, ஊர் முழுக்கத் தெரியும். நிறையப் பேருக்குச் சேர்க்கவே வேண்டாம். வெளிநோயாளியாகவே, அதாவது ஓ.பி. சீட்டு போட்டுப் பார்த்து, மாத்திரை வாங்கி, வீட்டிலேயே இருந்து நிறுத்தலாம். யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரைப் படுக்கையில் சேர்ப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். முன்னே வலிப்பு வந்தவர், குழம்பிப் பேசியவர், கண்ணும் உடம்பும் மஞ்சளாகி வயிறு வீங்கியவர், இதயநோய் உள்ளவர், சாகப்போகிறேன் என்று சொல்கிறவர், வீட்டில் கூட இருந்து பார்க்க ஆள் இல்லாதவர், இவர்களைச் சேர்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலம் என்ற போர்டைப் பார்த்ததும் அவர் “நான் என்ன பைத்தியமா?” என்று திரும்பி நடப்பார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், குடிநோயைப் பார்க்கிற டாக்டர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று. அரசு ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கிடையாது. ஆதார் கார்டு, ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அதிக நேரம் ஆகும். எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்று கேட்பார்கள். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். அவர் “எப்பவாவது ஒரு குவார்ட்டர்” என்பார். நாம் பக்கத்தில் நின்றுகொண்டு, டாக்டர் முன்னாடி அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தலையை ஆட்டுவோம். அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரையின் அளவே நீங்கள் சொல்லும் கணக்கை வைத்துத்தான். குறைத்துச் சொன்னால் மாத்திரை போதாமல் வலிப்பு வரும். காலையில் நடுக்கம் தாங்காமல் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருந்தாலும் மறைக்க வேண்டாம். பிறகு ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பார்கள்.

முதல் வாரத்து மாத்திரை பெரும்பாலும் குளோர்டயஸிபாக்சைடு அல்லது டயஸிபாம் என்ற வகையாக இருக்கும். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸிபாம் கொடுப்பார்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுப்பதுதான் இதன் வேலை. முதல் நாள் கூடுதலாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் குறைத்து, ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அடியோடு நிறுத்திவிடுவார்கள். இந்த மாத்திரை அவர் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. உங்கள் கையில் இருக்கட்டும். சீட்டில் எழுதியபடி வேளைக்கு வேளை எண்ணிக் கொடுங்கள். மாத்திரையும் போட்டுக் குடிக்கவும் செய்தால் மூச்சே அடங்கிப்போகலாம். எழுப்பினால் எழுந்திருக்க முடியாத அளவுக்குத் தூங்கினால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த வாரம் பைக் ஓட்டுவது, கிணற்று வேலை, கதிரடிக்கிற மிஷின், எதுவும் வேண்டாம். “நல்லாத் தூக்கம் வருது, இன்னும் பத்து நாளைக்கு வாங்கிக் கொடு” என்று கேட்பார். கொடுக்காதீர்கள். இந்த மாத்திரைக்கும் அடிமையாகலாம். ஊரில் இன்னொருவருக்குத் தூக்கமில்லை என்று இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

கூடவே தயமின் என்று ஒரு சத்து, அதாவது பி-1 வைட்டமின், ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடக் கூடாது. வருஷக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர் உடம்பில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் நடை தள்ளாடும், கண் ஒரு பக்கம் நின்றுபோகும், புத்தி குழம்பும். ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடவும் கூடும். நம்ம பக்கம், குடித்துச் சோர்ந்து கிடந்தால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுகிற பழக்கம் இருக்கிறது. பி-1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இந்தக் கோளாறு கிளம்பலாம். அங்கே போனாலும் “இவர் தினம் குடிக்கிறவர், பி-1 போட்டீங்களா?” என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

அந்த நாலைந்து நாளும் வீட்டில் பெரிய வேலைதான். கஞ்சி, மோர், இளநீர், ரசம் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி தூங்காமல் திண்ணையில் நடப்பார், எரிந்து விழுவார். இது எதிர்பார்க்க வேண்டியது. ஆனால் வலிப்பு, ஆள் தெரியாத பேச்சு, கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, ரத்த வாந்தி, நெஞ்சுவலி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற பொருளை அப்புறப்படுத்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

பத்து நாள் ஆயிற்று. நடுக்கம் நின்றது, நன்றாகச் சாப்பிடுகிறார், முகம் தெளிந்துவிட்டது. இங்கேதான் நம்மில் பாதிப் பேர் சிகிச்சை முடிந்தது என்று சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிடுகிறோம். அக்கா, இதுவரைக்கும் நடந்தது நிலத்தில் முள்ளை வெட்டிய வேலை மட்டும்தான். உழவு இனிமேல்தான். உடம்பு பத்து நாளில் குடியை விட்டுவிடும். மனசும் பழக்கமும் அவ்வளவு சீக்கிரம் விடாது. குடியை விட்ட முதல் சில மாதங்களில்தான் மறுபடி விழுவது அதிகம். அதனால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ, டாக்டர் சொல்கிறவரைக்கும் ரிவியூவுக்குப் போய்வர வேண்டும். முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் இரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று இடைவெளி கூடும்.

இந்தக் கட்டத்துக்கு வேறு மாத்திரைகள் உண்டு. மூன்றைச் சொல்கிறோம். எது யாருக்கு என்பதும், உங்கள் ஆஸ்பத்திரியில் எது கிடைக்கும் என்பதும் டாக்டரிடம் கேட்க வேண்டியது.

நால்ட்ரெக்ஸோன், பெரும்பாலும் தினம் ஒன்று. குடித்தால் வருகிற அந்தச் ‘சுகம்’ இதில் மட்டுப்படும், ஆசையும் குறையும். முதல் சில நாள் குமட்டலாம், தலை வலிக்கலாம். கல்லீரலைப் பரிசோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். டிரமடால் போன்ற சில பலமான வலி மாத்திரைகளோடு இது ஒத்துப்போகாது. அதனால் பல் பிடுங்கப் போனாலும், கை உடைந்து கட்டுப் போடப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட வேண்டும். அகாம்ப்ரோசேட் என்பது குடியை விட்ட பிறகு வருகிற பதற்றத்தையும் ஏக்கத்தையும் தணிப்பது. கல்லீரல் பலவீனமானவருக்கும் பொதுவாக உதவும், ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். தினம் மூன்று வேளை என்பதால் மறந்துபோகும். சாப்பாட்டோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது டைசல்ஃபிரம். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும். 1940-களின் கடைசியில் டென்மார்க் நாட்டில் இதை ஆராய்ந்தவர்கள், வேறு நோய்க்காகத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தபோது, குடித்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போவதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். இதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த வேகம் உடம்பில் இருக்கும். சாராயம் மட்டுமல்ல, அரிஷ்டம், சில இருமல் மருந்து இவற்றில் இருக்கிற ஆல்கஹாலும் போதும். குடித்து ஒரு நாளாவது ஆகாதவருக்கும், இதயநோய் உள்ளவருக்கும் இதைத் தொடங்க மாட்டார்கள். ‘குடித்தால் எனக்கு இது ஆகும்’ என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் இந்த மருந்தின் பலமே. அந்தப் பயம்தான் அவரைக் கடைப்பக்கம் போகவிடாமல் பிடித்து நிறுத்தும். காலையில் மனைவி கையால் வாங்கி, மனைவி கண் முன்னால் விழுங்குகிறவர்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

இப்போது அந்தப் பவுடர் விஷயத்துக்கு வருவோம். ‘தெரியாமல் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கிற பொருளில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இந்த வகை மருந்தே கலந்திருந்தால், விஷயம் தெரியாத மனுஷன் கடைக்குப் போய்க் குடித்து, அங்கேயே விழுந்து சாகலாம். பிறகு சாம்பாரில் கலந்தது யார் என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். ஒன்றும் கலக்காத வெறும் பொடியாக இருந்தால், கடன் வாங்கிய பணம் குப்பையில் போனது. இரண்டில் எதுவானாலும் நஷ்டம் நமக்கே. எங்கள் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறோம்: இனி எந்தக் குழுவும் இதற்குக் கடன் கொடுக்கக் கூடாது.

மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஓ.பி.யில் இன்னொரு அறை இருக்கும், அதில் ஆலோசகர் இருப்பார். கூட்டமாக இருக்கிறது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மாத்திரை கவுன்டரோடு திரும்பிவிடுகிறோம். அங்கே என்ன பேசுவார்கள்? அவர் நினைக்கிற மாதிரி புத்திமதி சொல்ல மாட்டார்கள். குடியால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். பிறகு, எந்த நேரம், எந்த இடம், யாரோடு இருக்கும்போது ஆசை வருகிறது என்று கணக்கெடுப்பார்கள். நம்ம ஊரில் அது பெரும்பாலும் சனிக்கிழமைக் கூலி, சாவு வீடு, கிடா வெட்டு, மூட்டை தூக்கிய உடம்பு வலி, மச்சானோடு சண்டை. ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி யோசிப்பார்கள். கடை இருக்கிற ரோட்டில் வராமல் ஏரிக்கரை வழியாக வருவது. கூலியை மேஸ்திரியிடமிருந்து நேரே வீட்டுக்கு வரச் செய்வது. கூட்டாளி கூப்பிட்டால் “மாத்திரை சாப்பிடறேன், குடிச்சா ஆஸ்பத்திரிதான்” என்று சொல்லப் பழகுவது. ஆசை அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே இறங்கும். அந்த அரை மணியைக் கடக்க ஒரு டீயோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலையோ போதும் என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

பேச்சால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். கோவா மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு ஆராய்ச்சி நடத்தி 2017-இல் வெளியிட்டார்கள். ஆபத்தான அளவுக்குக் குடிக்கிற, ஆனால் இன்னும் முழு அடிமையாகாத ஆண்களிடம், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். பேசியவர்கள் டாக்டர் இல்லை, நம்மைப் போன்றவர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். பேசப்படாதவர்களில் 26 பேர். நூற்றுக்கு நூறு இல்லை. ஆனாலும் பத்துக் குடும்பம் கூடுதலாகப் பிழைத்தது. ஆரம்பக் கட்டத்திலேயே கூட்டிப்போனால் எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைச் சொல்கிறோம்.

ஆலோசகர் உங்களையும் கூப்பிடுவார். “குடிச்சது அவரு, என்னை எதுக்குக் கூப்பிடறீங்க?” என்று ஒரு அக்கா சண்டைக்கே போய்விட்டார். அவர் கோபமும் நியாயம்தான். சென்னையில் 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், தன் கணவரைக் குடியால் பறிகொடுத்தவர். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. வருஷக்கணக்காக அடியும் அவமானமும் பட்ட மனசுக்கும் மருந்து வேண்டும் அல்லவா?

குடியை விட்ட மனுஷன் முதல் சில மாதம் சிடுசிடு என்றுதான் இருப்பார். தூக்கம் சரியாக வாரக்கணக்கில் ஆகும். சிலருக்குப் பொண்டாட்டி மேல் சந்தேகம் இருக்கும். குடியால் வந்த சந்தேகம் சில பேருக்குக் குடி நின்ற பிறகும் போகாது. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. தாம்பத்தியத்தில் குறை இருந்தாலும் அதே மாதிரி சொல்லலாம். நிறையப் பேருக்குக் குடி நின்றால் அது மெல்லச் சரியாகும். சொந்தக்காரர் முன்னால் பழசைக் குத்திக்காட்டாதீர்கள், வாயை மோந்து பார்க்காதீர்கள் என்று ஆலோசகர் சொல்வார். அது சரி. ஆனால் ‘சிகிச்சையில் இருக்கிறார், பொறுத்துக்கோ’ என்று யாராவது அடி வாங்கச் சொன்னால் அது சரியில்லை. அடித்தால் 181-ஐக் கூப்பிடலாம். 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம் குடிகாரருக்கும் உண்டு, குடியை விட்டவருக்கும் உண்டு.

சரி, மூணு மாதம் நன்றாக இருந்தவர், சித்தப்பா சாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறார். நம் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும்? “இவ்வளவு செலவு பண்ணியும் புத்தி வரலையே” என்று ஒப்பாரி. மாத்திரையைத் தூக்கி எறிவோம். வெட்கத்தில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார். சர்க்கரை நோய்க்காரர் கல்யாண வீட்டில் லட்டு சாப்பிட்டால் ஊசியை நிறுத்திவிடுகிறோமா? குடிநோயும் அப்படித்தான், திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும். ஒரு நாள் குடித்ததை ஒரு நாளோடு நிறுத்தப் பாருங்கள். அடுத்த நாளே, ரிவியூ தேதி வரவில்லை என்றாலும், கூட்டிப்போங்கள். டாக்டர் திட்டமாட்டார். மருந்தை மாற்றுவார், அளவை மாற்றுவார். டைசல்ஃபிரம் சாப்பிடும்போது குடித்திருந்தால் மட்டும் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். நாம் முதலில் சொன்னோமே, வலிப்பு வந்த அந்த மனுஷன், அவர் பிறகு ஓ.பி.யில் பார்த்தார். நடுவில் இரண்டு முறை விழுந்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு இன்று வரைக்கும் தொடவில்லை. அந்தத் தங்கச்சி இப்போது அவர்கள் குழுவின் ஊக்குநர். கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள், பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். (சத்தியம் வாங்குகிற பழக்கத்தை அவளும் விடவில்லை.)

அவர் வரவே மாட்டேன் என்றால்? தூக்கிக் கட்டிக்கொண்டுபோய் ஏதோ ஒரு இல்லத்தில் போட்டுவிடாதீர்கள். அப்படிச் சில இடங்களில் அடிப்பதும் கட்டிப்போடுவதும் நடந்திருக்கிறது. எந்த இடமானாலும், 2017-ஆம் வருஷ மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அவர் வராவிட்டாலும் நீங்கள் தனியாக ஆலோசகரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. குடியை விட்டவர்கள் ஒன்றுகூடி நடத்துகிற ஏ.ஏ. கூட்டம் பல ஊர்களில் நடக்கிறது, அதற்கும் கட்டணம் கிடையாது. புத்தி சொல்கிற நம் பத்துப் பேரைவிட, குடித்துத் திருந்திய ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சில சமயம் வேலை நடக்கும்.

கடைசியாக நம்ம சங்க விஷயம் ஒன்று. ரிவியூவுக்குப் போன உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் போட்டிருக்கிறார்கள், இரண்டு குழுக்களில். அபராதத்துக்குப் பயந்து ஒரு அக்கா மூன்றாம் ரிவியூவைத் தள்ளிப்போட்டார். அந்த வாரமே வீட்டில் மறுபடி பாட்டில் வந்துவிட்டது. ஆகவே இன்று தீர்மானத்துக்கு இரண்டு கோரிக்கை வைக்கிறோம். ஓ.பி. சீட்டைக் காட்டினால் அன்றைய அபராதம் கிடையாது. பஸ் செலவுக்கும் அன்றைய கூலி இழப்புக்கும் உள்கடன் கேட்டால், பவுடருக்குக் கொடுத்த வேகத்தில் இதற்கும் கொடுக்க வேண்டும். எதிர்ப்பு இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள், பேசி முடிவெடுப்போம்.

வருகிற செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேர் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இதுவரை நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாராவது வீட்டுக்காரரைக் கூட்டிவருவதானால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். “செவ்வாய்க்கிழமைக்குள்ளே நிறுத்திட்டு வா” என்று மட்டும் அவரை மிரட்டாதீர்கள். எப்படி இருக்கிறாரோ அப்படியே கூட்டி வாருங்கள்.